அண்ணி எண்ணிய ஐம்பது

என் மகனின் பிறப்புச் சான்றிதழுக்கும் தடுப்பூசி அட்டைக்கும் நடுவில் ஒரு வரைபடத்தாள் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்கும் சாதாரணத் தாள். பென்சிலால் போட்ட நான்கு புள்ளிகள், அவற்றின் மேல் அடிக்கோலை வைத்து இழுத்த ஒரு நேர்க்கோடு, கோட்டின்மேல் பிறகு வந்து உட்கார்ந்த சிறுசிறு பெருக்கல் குறிகள், ஒரு மூலையில் பிள்ளைக்கு இழைத்துக் கொடுத்த உரைமருந்தின் கறை. சென்ற ஆண்டு அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, கோப்பைப் புரட்டிய அலுவலக அம்மா இதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாம்மா, அண்ணன் நோட்டுலேருந்து கிழிச்சதா?" என்றார். "இல்லீங்க, இது இவனோட எடை" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தாளை உள்ளேயே வைத்துவிட்டார். பின்னால் வரிசை நின்றதால் என்னாலும் விளக்கம் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தாளை வரைந்தவர் என் நாத்தனார், கணவரின் அக்காள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அரசுக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வகப் பணியாளர். மாணவர்கள் வருவதற்கு முன் ஊசல் குண்டுகளைத் துடைத்து வைப்பது, சுருள்வில்களைத் தாங்கியில் மாட்டுவது, உடைந்ததை உடைந்தது என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. மில் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, அந்த வீட்டில் முதல் முதலாக அறிவியல் பட்டம் வாங்கியவர். இதெல்லாம் பெருமைதான். ஆனால் கூட ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். நான் தமிழாசிரியை, வாய்க்கு வந்ததை அழகாகச் சொல்லிவிட்டுப் போகிற ஜாதி. அவரோ எதைச் சொன்னாலும் திருத்துவார். "மணி பத்தாயிடுச்சு" என்றால், "ஒம்போது அம்பத்தாறு" என்பார். "ஊரே திரண்டு வந்திருந்தது" என்றால், "ஒரு எரநூறு பேர் இருக்கும்" என்பார். சாம்பாரில் உப்பு 'ஒரு கை' போட்டேன் என்று சொல்லி அவரிடம் தப்பிக்க முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் கணவரிடம் சொல்லி அழாத குறை: உங்க அக்கா என்னைப் பரீட்சை எழுதவிட்டு மேற்பார்வை பார்க்கிறார்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. அண்ணி கட்டிக்கொடுத்த இடத்தில் ஏழு வருஷம் இருந்தார். குழந்தை இல்லை. அங்கிருந்து ஒரு பெட்டியோடு புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாமலே நடக்கும் காரியங்கள்தான் நிறைய. என் வளைகாப்பன்று அண்ணி காலையிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாம் வளையல் அடுக்கிவிட்டுப் போன பிறகு, எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "நேரா உக்காரு, முதுகு வலிக்கும்" என்றார். அவ்வளவுதான். நானாவது ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்ணுக்கு எல்லா பயமும் வரும், அந்த பயமும் எனக்கு இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிள்ளை ஐந்து வாரம் முந்திப் பிறந்தான். கையில் எடுத்தால் கோழிக்குஞ்சு போலத் துடித்தான். கண்ணாடிப் பெட்டியில் சில நாள் வைத்திருந்து, ஒரு கிலோ எண்ணூற்று ஐம்பது கிராம் என்று எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஊரடங்கு. கணவர் ஒசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் நான், மாமியார், அண்ணி, துணிப்பொட்டலம் மாதிரி இவன். பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியைக் கொரோனா நோயாளிகளுக்கு என்று பாதி ஒதுக்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

குழந்தை மருத்துவர் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னார். "எடை ஏறுதுன்னா கொழந்தையத் தயவுசெஞ்சு வெளிய எடுக்காதீங்க, இங்க கூட்டிட்டு வரது ஆபத்து. ஏறலன்னா ஒரு நாளும் தாமதிக்காதீங்க, ஒடனே வாங்க." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஏறுகிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் தராசு இல்லை. கடைகள் எல்லாம் பூட்டு. எதை வாங்கச் சொன்னாலும் வண்டி வராது. தெருமுனை மளிகைக் கடை காலையில் மட்டும் திறக்கும். அந்தத் தராசில் கொண்டுபோய் வைக்கலாமா என்று கேட்டேன். மாமியார், "வெங்காயம் நிறுக்கற தட்டுலயா எம் பேரன வைப்ப?" என்று ஒரே சத்தம். கோபம் ஒருபுறம் இருக்கட்டும், அங்கே முகத்தோடு முகம் இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தில் முப்பத்தைந்தே வாரத்தில் பிறந்த பிள்ளையை எவள் தூக்கிக்கொண்டு போவாள்? நான் நாளைக்குப் பத்துத் தரம் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு தரம் பூசினாற்போல இருக்கும், மறு தரம் ஒட்டினாற்போல இருக்கும். பெற்றவள் கண் நம்பத் தகாத கண் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன்.

பிள்ளை தூங்கியது சுருள்வில் ஏணையில். எங்கள் பக்கத்தில் இப்போது எல்லா வீட்டிலும் அதுதான். கூரைக் கொக்கியில் ஒரு கனத்த ஸ்பிரிங், அதன் கீழே குறுக்குக்கட்டை, அதில் மாமியாரின் பழைய நூல்புடவை. லேசாகத் தொட்டுவிட்டால் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி, கையில் பாதி மடித்த துண்டோடு அப்படியே நின்று ஏணையைப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. தூங்குகிற பிள்ளையை இப்படி முறைத்துப் பார்க்கலாமா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர், "ஏ புள்ள, தராசு நம்ம வூட்லியே தொங்குது" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன். சுருள்வில்லுக்கு ஒரு குணம். அதைத் தன் இருப்பிடத்திலிருந்து எவ்வளவு தூரம் விலக்குகிறோமோ அவ்வளவு வலுவாகத் திரும்ப இழுக்கும். கொஞ்சம் விலக்கினால் கொஞ்சமாக, நிறைய விலக்கினால் நிறைய. அதனால் பெரிதாக ஆடினால் வேகமாக ஓடிவரும், சிறிதாக ஆடினால் மெதுவாக வரும். போய்த் திரும்ப ஆகும் நேரம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. பாடப்புத்தகம் இதைத் தனிச்சீரிசை இயக்கம் என்கிறது. அழகான பெயர். நான் பத்தாண்டு தமிழ் நடத்தியும் இப்படி ஒரு சொல் இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். "நீ நாலு வெரக்கட இழுத்து வுட்டாலும் ரெண்டு வெரக்கட இழுத்து வுட்டாலும் ஒரு ஆட்டத்துக்கு ஒரே நேரந்தான்" என்றார் அண்ணி, விரல் அகலத்தை அளவாகக் காட்டி. "அதனால புள்ளய குலுக்க வாணாம், ரெண்டு வெரக்கட போதும். தொங்கற கனம் மாறினாதான் நேரம் மாறும். கனம் ஏறினா மெதுவா ஆடும், எறங்கினா படபடன்னு ஆடும்." அப்படியென்றால் ஆட்டத்தின் நேரத்தை அளந்தால் பிள்ளையின் கனம் தெரிந்துவிடும். கேட்கும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு வழியும் இல்லை.

முதலில் ஏணைக்கே பரீட்சை வைக்க வேண்டும் என்றார். பிள்ளையை என் மடியில் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகளையும் அரைக் கிலோ பருப்புப் பாக்கெட்டுகளையும் எடுத்து, ஒன்றரைக் கிலோ, இரண்டு, இரண்டரை, மூன்று என்று ஏணைக்குள் மாற்றி மாற்றி வைத்து ஆட்டினார். கூடத்துக்கு வந்த மாமியார் பதறிப்போனார். வெறுந்தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்களுக்கெல்லாம் தாய்ப்பாலோடு ஊட்டினது.

"அடியே, வெறும் ஏணைய ஆட்டாதடி!"

"வெறும் ஏணை இல்லம்மா. ரெண்டு கிலோ உப்பு தூங்குது, சத்தம் போடாத."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிள்ளை பிறந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, ஏணை பக்கவாட்டில் அலையாமல் நேராக மேலும் கீழும் மட்டும் போகும்படி விட்டு, ஐம்பது ஆட்டங்களுக்குக் கைப்பேசியில் நேரம் பார்த்தார். ஒவ்வொரு கனத்துக்கும் ஐந்து தரம். ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி வரைபடத்தாளில் வைத்தால், நான்கு புள்ளிகளும் ஒரே கோட்டில் போய் நின்றன. இனிமேல் எதை வைத்து ஆட்டினாலும் நேரத்தைப் பார்த்துக் கோட்டில் தேடினால் கனம் கிடைக்கும். புடவை, கட்டை, ஸ்பிரிங் எல்லாவற்றின் கனமும் கோட்டுக்குள்ளேயே சேர்ந்துவிட்டதாம். அதனால் எப்போதும் அதே புடவை, நனையாத புடவையாக இருக்க வேண்டும் என்று எனக்குக் கட்டளை.

முதல் தரம் பிள்ளையை வைத்து எண்ணியது நான். என் பிள்ளை, நான்தான் எண்ணுவேன் என்று வீம்பு. ஐம்பது எண்ணி முடித்து நேரத்தைச் சொன்னேன். அண்ணி தாளைப் பார்த்தார். "ஒண்ணு எழுநூத்தி இருவதுன்னு காட்டுது" என்றார். நூற்றுமுப்பது கிராம் இளைத்துவிட்டானா? அழத் தொடங்கிவிட்டேன். அண்ணி என்னை மறுபடி எண்ணச் சொல்லி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏணைய வுடும்போதே ஒண்ணுன்னு சொல்ற. அப்ப இன்னும் ஒண்ணும் ஆடல இல்ல? வுடும்போது சைபர். போய்த் திரும்பி வந்தாதான் ஒண்ணு" என்றார். நான் எண்ணியது நாற்பத்தொன்பதுதான். திருத்தி எண்ணினோம். முப்பத்து மூன்றரை வினாடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ எண்ணூற்று ஐம்பது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த அதே எடை. "என் வகுப்புல வருசா வருசம் பாதிப் பசங்க இதத்தான் பண்ணுவாங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். அன்றிலிருந்து அவரே எண்ணினார், நான் பிள்ளை அசையாமல் தூங்குகிறானா என்று பார்த்துக்கொண்டேன். அசைந்தால் கணக்குக் கெடும்.

தினமும் எடை போடக் கூடாது என்றார். ஒரு நாளில் பிள்ளை ஏறுவது ஒரு பிடி அவல் கனம். அது கைப்பேசியை அழுத்தும் விரலின் தடுமாற்றத்துக்குள் காணாமல் போய்விடும். நாலு நாளைக்கு ஒரு தரம் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்த நாலு நாள் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். ஐந்தாம் நாள் காலை, பால் குடித்துத் தூங்கியபின், ஐந்து தரம் ஐம்பது. அதே முப்பத்து மூன்று புள்ளி நான்கு. ஒரு இம்மி ஏறவில்லை. "அம்பது கிராம் முன்ன பின்ன இருக்கும், இன்னும் மூணு நாள் பாக்கலாம்" என்றார் அண்ணி. குரல் மட்டும் வழக்கம்போல் இல்லை. மாமியார் கதவோரம் நின்று, இவர் ஒன்று இரண்டு என்று எண்ணுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். பச்சைப் பிள்ளையை எண்ணக் கூடாது என்று முனகியபடி உள்ளே போனார்.

மூன்றாம் நாள் எண்ணினபோது முப்பத்தைந்து வினாடி. நான் தாளைப் பிடுங்கி நானே கோட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ நூற்றைம்பது! வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, அதுதான். ஒசூருக்குப் போன் போட்டேன். அவர் அந்தப் பக்கம் விசும்புவது கேட்டது. மாமியார் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுப் பாயசத்துக்குச் சேமியாவை எடுத்து வறுக்கப் போய்விட்டார். வீடே கல்யாண வீடு. அண்ணி மட்டும் ஏணைப் பக்கத்திலேயே நின்று மறுபடி எண்ணினார். மறுபடியும். நெற்றியில் சுருக்கம்.

"மூணு நாள்ல முன்னூறு கிராம் எந்தப் புள்ளையும் ஏறாது" என்றார்.

"ஏறியிருக்கானே அண்ணி, உங்க கணக்குதானே சொல்லுது?"

"கணக்கு சரி. வேற எதோ சரியில்ல."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பிள்ளைகளுக்கு எத்தனை தரம் பாடம் நடத்தியிருப்பேன்! நாக்குக்கு நரம்பா இருக்கிறது? "எம் புள்ள ஏறினா உங்களுக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அண்ணி பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு ஏணைக்குள் கையை விட்டுப் புடவை மடிப்பை ஒவ்வொன்றாகத் தடவினார். கால்மாட்டில், விரிப்புக்கு அடியில், ஒரு மஞ்சள் துணியில் சுற்றியிருந்த பாக்குவெட்டி கிடைத்தது. மாமியாரின் மாமியார் காலத்துக் கனத்த இரும்புப் பாக்குவெட்டி.

பிறந்த பிள்ளையின் பக்கத்தில் இரும்பு வைப்பது எங்கள் வழக்கம்தான். காத்து கருப்பு அண்டாது, கண் படாது. ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றைக்கே தலைமாட்டுச் சுவரோரம் ஒரு கத்தி வைத்தாகிவிட்டது. இது புதிது. மாமியார் வாசலில் வந்து நின்றார்.

"நாந்தான் வச்சேன். ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினா, நாலு நாளா புள்ள ஏறாமப் போச்சு. கண்ணு படக் கூடாதுன்னு வச்சேன்."

"யாரு கண்ணும்மா?"

மாமியார் தரையைப் பார்த்தார்.

"எங் கண்ணா?" என்று கேட்டார் அண்ணி.

பெற்ற தாய், 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் ஒரு நிமிஷம் முன்பு கேட்டதும் அதே கேள்விதானே? அவர் இரும்பால் ஒரு விதம், நான் வாயால் ஒரு விதம். என் மகன் என் தோளில் ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அவர் பாக்குவெட்டியைச் சன்னல் மேடையில் வைத்துவிட்டு, "புள்ளயக் குடு" என்று வாங்கி ஏணையில் கிடத்தி, முதலிலிருந்து எண்ணினார். சைபர், ஒன்று, இரண்டு. குரல் நடுங்கியது, எண்ணிக்கை பிசகவில்லை. முப்பத்து மூன்று புள்ளி மூன்று. ஐந்து தரமும் அதுவே.

"எட்டு நாள் ஆச்சு. ஏறல" என்றார். "கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அந்த இரும்பை அவர் தேடி எடுக்காமல் விட்டிருந்தால், அதன் கனத்தைப் பிள்ளை ஏறிய கனமாக நம்பி, நான் அவனைப் பட்டினி போட்டுக்கொண்டே பாயசம் குடித்திருப்பேன்.

அண்ணியின் ஸ்கூட்டரில் போனோம். பிள்ளையை முந்தானைக்குள் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். விழுப்புரம் சாலை அப்படி வெறிச்சோடி நான் பார்த்ததே இல்லை. இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் தடுப்பு போட்டு, சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் கையைக் காட்டினார். எங்கே என்றார். அண்ணி, "எட்டு நாளா புள்ள எடை ஏறலிங்க. முப்பத்தி மூணு புள்ளி மூணு" என்றார். அவருக்கு என்ன விளங்கியிருக்கும் என்று தெரியாது. முந்தானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "போங்க போங்க" என்று தடுப்பை அவரே நகர்த்தினார்.

ஆஸ்பத்திரித் தராசில் ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது. மருத்துவர் கவசமும் முகக்கவசமுமாக வந்து, எப்போதிலிருந்து ஏறவில்லை என்று கேட்டார். அண்ணி வரைபடத்தாளை நீட்டினார். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். பயப்படும்படி நோய் ஒன்றும் இல்லை. முந்திப் பிறந்த பிள்ளை. இழுத்துக் குடிப்பதற்குள் களைத்துத் தூங்கிவிடுகிறான். குடித்துத் தூங்குகிறான் என்று நான் நினைத்தேன், குடிக்காமலே தூங்கியிருக்கிறான். பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில், அதாவது சங்கு போன்ற சின்னக் கிண்ணத்தில், இரண்டு மணிக்கொரு தரம் ஊட்டச் சொன்னார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சிரமமாகியிருக்கும் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது அண்ணியின் முதுகில் நெற்றியை வைத்து அழுதேன். மன்னிச்சிடுங்க அண்ணி என்று காற்றில் சொன்னேன். "ஹெல்மெட்ல ஒண்ணும் கேக்கல" என்றார். கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பாலாடையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தவர் மாமியார். கண் வீங்கியிருந்தது. பிள்ளைக்கு ஊட்டி ஏணையில் போடப் போனபோது, அண்ணி சன்னல் மேடையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து, அதே மஞ்சள் துணியில் சுற்றி, அதே கால்மாட்டில் தன் கையால் வைத்தார்.

"இருக்கட்டும்மா" என்றார், திரும்பிப் பார்க்காமல். "அது எவ்ளோ கனம்னு தெரிஞ்சிடுச்சு. கழிச்சிக்கலாம். நடுவுல மட்டும் எடுக்காத."

எனக்கு என்ன கோபம் வந்தது தெரியுமா! அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிய வேண்டாமா? தன் கண்ணுக்கு எதிராகத் தாய் வைத்த இரும்பை ஒருத்தி தானே எடுத்து வைப்பாளா? அன்றிரவு கேட்டே விட்டேன். அண்ணி, "அவங்களுக்கு அதுல ஒரு தைரியம். தைரியத்த எடுத்துட்டா எத வைக்கறது? கணக்குக்கு எடஞ்சல் இல்லாம இருந்தா போதும்" என்றார். என்னால் அப்படி இருக்க முடியாது. இன்றும் முடியாது.

பாலாடை தொடங்கிய நான்காம் நாள் நேரம் அரை வினாடி கூடியது. எட்டாம் நாள் இன்னும் அரை வினாடி. தாளில் பெருக்கல் குறிகள் கோட்டின்மேல் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. ஏணை நாளுக்கு நாள் சோம்பலாக ஆடுவதை வெறுங்கண்ணாலேயே பார்க்க முடிகிற மாதிரி எனக்குத் தோன்றியது. அப்படித் தெரியாது, அது பிரமை என்று அண்ணி திருத்தினார். இந்த முறை எனக்கு அந்தத் திருத்தம் தேனாக இருந்தது. மாமியார் ஒரு வாரம் கதவோரம் நின்றார். அடுத்த வாரம் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த தரம், எண்ணும் வேளைக்கு முன்னால் அவரே எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.

அண்ணிக்குச் சென்ற வருஷம் காரைக்காலுக்கு மாற்றல். புதுச்சேரி அரசு வேலை என்றால் அந்தக் கண்டத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஞாயிறுதோறும் போன் செய்வார். என் மகன் அத்தை அத்தை என்று பள்ளிக்கதை முழுவதையும் கொட்டுவான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும். "நூறு பேர் அடிச்சாங்க அத்த" என்பான். "ஒங் கிளாஸ்லயே முப்பத்தி ரெண்டு பேர்தான்டா" என்பார். அவர் இல்லாத வீட்டில் நாங்கள் மணியைத் தோராயமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பாலாடை தொடங்கி ஐந்து வாரம் கழித்து, கெடுபிடி கொஞ்சம் தளர்ந்ததும், தடுப்பூசிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த முறை மாமியாரும் வருவேன் என்று ஆட்டோவில் ஏறிவிட்டார். முதல்நாள் காலை எண்ணி, இரும்பைக் கழித்து, இரண்டு கிலோ அறுநூற்று எழுபது இருக்கும் என்று அண்ணி எழுதிவைத்திருந்தார். செவிலிப் பெண் தராசில் வைத்தார். இரண்டு கிலோ அறுநூற்றுத் தொண்ணூறு. அண்ணியின் தாளையும் தராசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வூட்ல நல்ல தராசு வச்சிருக்கீங்க போலிருக்கே" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"தராசெல்லாம் இல்லம்மா. எம் பொண்ணு எண்ணினா. அவ எண்ணினா ஏறும்."

பால் குடித்ததால்தான் ஏறியது, எண்ணியதால் அல்ல. அதைச் சொல்ல அண்ணியின் வாய் திறந்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் அம்மாவைப் பார்த்தார். அந்த ஒரே ஒரு தரம் அவர் திருத்தவில்லை.